காட்டுப் பாதைக்கு எந்த ரேடியோ? ஹாம் லைசென்ஸ், 477 செட், சாட்டிலைட் கருவி: ஓர் ஒப்பீடு

கோலாலம்பூர் செந்தூல் மாமாக் கடையில் எங்கள் ஃபோர் பை ஃபோர் கூட்டம் மாதம் ஒரு முறையாவது கூடும். அடுத்த பயணத் தேதி, யார் வண்டியில் வின்ச் ஒழுங்காக வேலை செய்கிறது, யார் வீட்டில் விசேஷம் என்று பேச்சு போகும். புதிதாகச் சேர்ந்தவர்கள் தே தாரேக் வருவதற்குள் கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, ஹாம் லைசென்ஸ் எடுக்கணுமா, இல்ல சும்மா வாக்கி டாக்கி வாங்கினா போதுமா?" ஒரு முறை மூவர் சேர்ந்து கேட்டார்கள். ஒருவர் சாட்டிலைட் கருவிக்கு விலை விசாரித்து வைத்திருந்தார். இன்னொருவர் கைப்பேசியில் அழுத்திப் பேசும் செயலியே போதும் என்றார். மூன்று மாதமாக யாரும் எதையும் வாங்கவில்லை, காட்டுக்கு மட்டும் போய் வந்துகொண்டிருந்தார்கள். எனக்குக் கவலை அதுவாகத்தான் இருந்தது.

ஹாம் என்பது அமெச்சூர் ரேடியோ, தேர்வு எழுதி அனுமதி வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசுவது. நான் அதில் பி வகுப்பு லைசென்ஸ் வைத்திருக்கிறேன். அதற்கு முன்பும் பல ஆண்டுகள் லைசென்ஸ் இல்லாமல், சாதாரண செட்டுகளோடு பகாங், கிளந்தான் காட்டுப் பாதைகளில் ஓட்டியவன். இரண்டு பக்கமும் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

## எதை வைத்து முடிவெடுப்பது

கடையில் எல்லாரும் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். நான் கேட்கச் சொல்வது வேறு: நீங்கள் பேசும்போது மறுமுனையில் யார் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்? பின்னால் வரும் வண்டிக்காரரா, கோலாலம்பூரில் இருக்கும் வீட்டாரா, மீட்புக் குழுவா? மூன்றுக்கும் பதில் வேறு. ஒரே கருவி மூன்றையும் செய்யும் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

அதற்கு அடுத்தது நிலம். இந்தச் செட்டுகள் பயன்படுத்தும் விஎச்எஃப், யூஎச்எஃப் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். தட்டையான திறந்த வெளியில், ஆள் உயரத்தில் பிடித்த செட்டுக்கு ரேடியோ அடிவானம், அதாவது அலை எட்டும் எல்லை, சுமார் 5 கிலோமீட்டர். அதே செட்டை 1,000 மீட்டர் மலையுச்சிக்குக் கொண்டு போனால் கணக்குப்படி 130 கிலோமீட்டர். காட்டுக்குள் ஈர இலையும் மலை வளைவும் சேர்ந்து அந்த 5 கிலோமீட்டரைச் சில நூறு மீட்டராக்கிவிடும்.

பிறகு சட்டம், ஆண்டுச் செலவு, கற்றுக்கொள்ள ஆகும் நேரம். கடைசியாக ஒன்று, பலர் மறப்பது: நீங்கள் அடிபட்டுக் கிடந்தால் பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு அந்தக் கருவியை இயக்கத் தெரியுமா?

## லைசென்ஸ் தேவைப்படாத 477 செட்

நம் நாட்டில் 477 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் பொதுமக்கள் தனி லைசென்ஸ் இல்லாமல் பேசலாம். இதில் இரண்டு ரகம் உண்டு. சின்ன அரை வாட் செட்டுகள் ஒன்று. 5 வாட் வரை போகும் சிட்டிசன் பேண்ட் செட்டுகள் இன்னொன்று. இரண்டுக்கும் நிபந்தனை, கருவி சிரிம் என்ற தரச்சான்று அமைப்பின் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். பெட்டியைப் பிரித்து முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இதன் பெரிய பலம், யாருக்கும் கொடுக்கலாம். மனைவி, பிள்ளைகள், முதல் முறை வரும் நண்பர், எல்லாரும் பத்து நிமிடத்தில் பழகிவிடுவார்கள். "கல் இருக்கு, இடது பக்கம் ஒட்டி வாங்க" என்று முன் வண்டி சொல்வதைப் பின் வண்டி கேட்பதற்கு இதுவே போதும். காட்டுப் பயணத்தில் பத்தில் ஒன்பது பேச்சு இந்த மாதிரிதான்.

குறையை எனக்குப் புரியவைத்தது ஒரு மழை நாள். குவா மூசாங்கிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு பூர்வகுடிக் கிராமத்துக்கு அரிசியும் பள்ளிப் பைகளும் ஏற்றிக்கொண்டு ஐந்து வண்டிகளில் போனோம். ஓர் ஆற்றைத் தாண்ட வேண்டிய இடத்தில் முதல் இரண்டு வண்டிகள் அக்கரைக்குப் போய் மலையை வளைந்து திரும்பிவிட்டன. அதற்குள் தண்ணீர் பழுப்பு நிறமாகி, சக்கரத்தின் பாதி வரை இருந்தது கதவுக்கு ஏறியது. நாங்கள் கடக்கப்போவதில்லை என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும். என் கையில் அரை வாட் செட். தூரம் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன், இரைச்சல் மட்டும்தான். மூன்றாவது வண்டி ஓட்டி வந்த நண்பர் ஒன்றும் சொல்லாமல் தன் செட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து மண்மேட்டில் வழுக்கி வழுக்கி ஏறினார். மேலே நின்றதும் அவருக்கு இரண்டு பக்கமும் கேட்டது. "நீங்க எனக்குச் சொல்லுங்க, நான் அவங்களுக்குச் சொல்றேன்" என்று முக்கால் மணி நேரம் மழையில் நின்று செய்தி மாற்றிக் கொடுத்தார். அவர் கையில் இருந்ததும் அதே அரை வாட் செட்தான்.

மறைந்திருக்கும் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். செட்டில் தனிக் குறியீடு போட்டால் ரகசியமாகப் பேசலாம் என்று நினைக்கிறார்கள். அது மற்றவர் பேச்சு உங்கள் காதில் விழாமல் தடுக்கும், அவ்வளவுதான். உங்கள் பேச்சு அந்தச் சேனலில் இருக்கும் எல்லாருக்கும் கேட்கும். இன்னொன்று பேட்டரி. நாள் முழுக்க மழையில் பேசினால் மலிவு செட் மாலைக்குள் அணைந்துவிடும், அதனால் கார் சார்ஜரும் உபரி பேட்டரியும் சேர்த்தே விலை கணக்குப் பார்க்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஜாலான் பாசாரிலும் இணையக் கடைகளிலும் எந்த அலைவரிசைக்கும் மாற்றிக்கொள்ளக்கூடிய மலிவு செட்டுகள் கிடைக்கின்றன. "இதையே 477-க்கு மாற்றிக்கோங்க, லைசென்ஸ் வேண்டாம்" என்று சொல்வார்கள். அது சரியில்லை. லைசென்ஸ் விலக்கு சான்று பெற்ற கருவிக்கு மட்டும்தான். 1998-ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டத்தில் அனுமதியின்றி அலைவரிசையைப் பயன்படுத்தினால் லட்சக்கணக்கான ரிங்கிட் வரை அபராதமும் சிறையும் உண்டு. அதைவிட, தவறுதலாக நீங்கள் அழுத்துவது மீட்புப் பணியில் இருக்கும் ஒருவரின் அலைவரிசையாக இருந்துவிடக் கூடாதே.

## கைப்பேசிச் செயலியும் சிம் போட்ட செட்டும்

இதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். காராக் நெடுஞ்சாலையில் ஏறி பெந்தோங், ரவூப், குவா மூசாங் என்று தார்ச் சாலையில் போகும்வரை இதைவிட வசதியானது இல்லை. ஒரு வண்டி எண்ணெய்க் கடையில் நின்றுவிட்டு 40 கிலோமீட்டர் பின்னால் வந்தாலும் குரல் தெளிவாகக் கேட்கும். ஆனால் மரம் வெட்டும் பாதையில் திரும்பிச் சில கிலோமீட்டரில் கைப்பேசிக் கோபுரம் விட்டுப்போகும், செட்டும் ஊமையாகிவிடும். நமக்கு ரேடியோ வேண்டியிருப்பதே அந்த இடத்தில்தான். சிம் போட்ட செட்டுக்கு மாதக் கட்டணமும் தொடரும்.

## சாட்டிலைட் கருவி

காட்டுக்கு வெளியே இருப்பவரிடம் உறுதியாகச் செய்தி சேர வேண்டுமென்றால் என் முதல் பரிந்துரை இதுதான், ஹாம் இல்லை. ஹாம்காரன் வாயால் இதைக் கேட்பது சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

கார்மின் இன்ரீச் போன்ற கருவிகள் இரிடியம் செயற்கைக்கோள்களின் வழியே செய்தி அனுப்புகின்றன. 66 கோள்கள் சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றிக்கொண்டே இருப்பதால், ஒன்று மரத்துக்குப் பின்னால் மறைந்தாலும் சற்று நேரத்தில் அடுத்தது வரும். குறுஞ்செய்தி இரு வழியும் போகும். எஸ்ஓஎஸ் அழுத்தினால் உங்கள் இருப்பிடம் கண்காணிப்பு மையத்துக்குப் போய், அங்கிருந்து உள்ளூர் மீட்புத் துறைக்குத் தகவல் போகும்.

அடர்ந்த மரக்கூரைக்கு அடியில் செய்தி போக நேரம் பிடிக்கும். பத்து, பதினைந்து நிமிடம் காத்திருந்திருக்கிறேன். கருவியை வண்டிக்குள் வைத்துவிட்டு "போகவில்லை" என்று புலம்பக் கூடாது, வெட்டவெளி தேடிப் போய் வைக்க வேண்டும். கருவி விலையே ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும், அதற்கு மேல் சந்தா. இன்னொரு விஷயம், பதிவு செய்யும்போது அவசரத் தொடர்புக்கு யார் எண்ணைக் கொடுக்கிறீர்கள்? தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் மோசடி என்று நினைத்து நம் வீட்டில் யாரும் எடுப்பதில்லை. அப்படி ஒரு அழைப்பு வரலாம் என்று முன்கூட்டியே உட்காரவைத்துச் சொல்லுங்கள். பாதை, திரும்பும் நேரம், வண்டி எண்கள், எத்தனை மணிக்கு மேல் 999-ஐக் கூப்பிட வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டுப் புறப்படுங்கள்.

பழைய சாட்டிலைட் போன் மலிவாக வருகிறது என்று ஆசைப்படுபவர்களுக்கு: எந்த நிறுவனத்தின் கோளை நம்பி அது வேலை செய்கிறது என்று முதலில் பாருங்கள். நம் வட்டாரத்துக்குச் சேவை கொடுத்த துராயா 3 செயற்கைக்கோள் 2024 ஏப்ரலில் பழுதானது, சேவை திரும்பவில்லை. அதை நம்பிய கைக்கருவி பார்க்கப் புதிதாக இருந்தாலும் இங்கே பயனில்லை.

## ஹாம் லைசென்ஸ்

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. பிடித்ததாலேயே கவனமாக எழுதுகிறேன்.

மலேசியாவில் அமெச்சூர் ரேடியோவுக்கு அனுமதி தருவது மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையமான எம்சிஎம்சி. அது நடத்தும் அமெச்சூர் வானொலித் தேர்வில் தேற வேண்டும். தேறினால் இயக்குநர் சான்றிதழ் கிடைக்கும். அதோடு முடிந்தது என்று நினைத்துப் பேசத் தொடங்குபவர்கள் உண்டு. முடியவில்லை. உங்கள் நிலையத்துக்கான, அதாவது உங்கள் செட்டுக்கான அனுமதியைத் தனியே விண்ணப்பித்து, வானொலியில் உங்கள் அடையாளமான அழைப்புக்குறி கையில் வந்த பிறகுதான் பேசலாம். தீபகற்பத்தில் பி வகுப்பு அழைப்புக்குறி 9டபிள்யூ2 என்று தொடங்கும், ஏ வகுப்பு 9எம்2 என்று. காட்டுப் பயணத்துக்கு வேண்டிய 144 முதல் 148, 430 முதல் 440 மெகாஹெர்ட்ஸ் பட்டைகள் பி வகுப்பிலேயே உண்டு. ஆண்டுக் கட்டணம் சில பத்து ரிங்கிட்தான். விலை பணத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. தேர்வு தினமும் நடப்பதில்லை, படிக்க வேண்டும், அனுமதி வரக் காத்திருக்க வேண்டும். இன்று முடிவெடுத்து அடுத்த மாதப் பயணத்துக்கு லைசென்ஸோடு போகலாம் என்று திட்டமிடாதீர்கள்.

தேர்வு மலாயிலும் ஆங்கிலத்திலும்தான். சட்டவிதி, பேசும் முறை, அடிப்படை மின்னியல், ஆன்டெனா, பாதுகாப்பு என்று பாடம் போகும். படித்து இருபது முப்பது ஆண்டு ஆனவர்களுக்கு ஓமின் விதியைப் பார்த்ததும் பயம் வந்துவிடுகிறது. என் மைத்துனருக்கு அது தலைக்கு ஏறவில்லை. ஒரு நாள் வீட்டு போர்ச்சில் கம்பியும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அலையின் வேகத்துக்கான 300-ஐ 145 மெகாஹெர்ட்ஸின் 145-ஆல் வகுக்கச் சொன்னேன். 2.07 மீட்டர், அதுதான் அலைநீளம். அதில் கால் பங்கு சுமார் 52 சென்டிமீட்டர். கம்பியை அந்த நீளத்துக்கு வெட்டி, ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் மீட்டரில் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கினோம். இரண்டு சென்டிமீட்டர் குறைந்ததும் முள் கீழே இறங்கியது. "அட, புத்தகத்தில் போட்டிருந்தது இதுதானா" என்றார். அடுத்த தேர்வில் தேறிவிட்டார்.

அந்தக் கம்பிதான் லைசென்ஸின் உண்மையான பலன். வண்டிக்குள் கையில் பிடித்த செட்டின் ரப்பர் ஆன்டெனாவைச் சுற்றி இரும்புக் கூடு. அதே அலையைக் கூரை நடுவில் நிற்கும் கால் அலை ஆன்டெனாவுக்குக் கொண்டு போனால் வேறு செட் வாங்கியது போல் இருக்கும். வண்டியில் பொருத்தும் ஹாம் செட் பொதுவாக 25 முதல் 50 வாட் வரை கொடுக்கும், அதுவும் உதவும். ஆனால் முதல் செலவு ஆன்டெனாவுக்குப் போகட்டும். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: உடல் தகடு அலுமினியம், காந்தம் ஒட்டாது. பட்டை வைத்துத் திருகி மாட்ட வேண்டும்.

இரண்டாவது பலன் ரிப்பீட்டர். மலையுச்சியில் இருக்கும் நிலையம் உங்கள் பலவீனமான குரலை ஓர் அலைவரிசையில் வாங்கி இன்னோர் அலைவரிசையில் உரக்கப் பேசும். குவா மூசாங் ஆற்றங்கரையில் என் நண்பர் மண்மேட்டில் நின்று செய்த வேலையை, ஆயிரம் மீட்டருக்கு மேலே நின்று நாள் முழுக்கச் செய்வது மாதிரி. 1952-இல் தொடங்கிய மார்ட்ஸ் என்ற அமெச்சூர் ரேடியோ சங்கமும் மற்ற குழுக்களும் இவற்றைத் தன்னார்வத்தில் பராமரிக்கின்றன. அப்புறம் ஏபிஆர்எஸ். 144.390 மெகாஹெர்ட்ஸில் வண்டியின் ஜிபிஎஸ் இருப்பிடத்தைத் தானாக அனுப்பிக்கொண்டே போகலாம். சிக்னல் எட்டும் இடமெல்லாம் வீட்டிலிருப்பவர் வரைபடத்தில் பார்க்கலாம்.

குறைகளையும் அதே அளவு கண் திறந்து பார்க்க வேண்டும். ஆழமான பள்ளத்தாக்கில் எந்த ரிப்பீட்டரும் எட்டாது. எட்டினாலும் இரவு மூன்று மணிக்கு யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பது உறுதி இல்லை. போலீஸ், பொம்பா என்ற தீயணைப்புப் படை இவர்களோடு ஹாம் அலைவரிசையில் பேச முடியாது, அவர்களுக்குத் தனி வலையமைப்பு. லைசென்ஸ் ஆளுக்குத்தான், வண்டிக்கு இல்லை. ஐந்து வண்டிக் கூட்டத்தில் இருவரிடம் மட்டும் இருந்தால் மற்ற மூன்று வண்டிக்கும் வேறு செட் வேண்டும். தொழிலுக்குப் பயன்படுத்தவே கூடாது. பணம் வாங்கிக்கொண்டு காட்டுப் பயணம் நடத்துபவர்கள் வணிக அலைவரிசைக்கு முறையாக விண்ணப்பிக்க வேண்டும். தாய்லாந்து எல்லை தாண்டிப் பெத்தோங் பக்கம் போவதாக இருந்தால் அந்த நாட்டின் அனுமதி வேண்டும். அங்கே பொதுமக்களுக்கான அலைவரிசையே வேறு, 245 மெகாஹெர்ட்ஸ். நம் 477 செட்டும் அங்கே சட்டத்துக்குள் வராது.

"உயிருக்கு ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் எதிலும் பேசலாமே, பிறகு எதற்கு லைசென்ஸ்?" என்று கேட்பார்கள். ஆபத்தில் இருக்கும் நிலையம் கையில் உள்ள எந்த வழியிலும் உதவி கேட்பதைச் சர்வதேச வானொலி விதி தடுக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் ரிப்பீட்டரைத் திறக்க அதன் இரண்டு அலைவரிசைகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம் தெரிய வேண்டும். 144 பட்டையில் வழக்கமாக அது 600 கிலோஹெர்ட்ஸ். பல ரிப்பீட்டர்களுக்குப் பேச்சோடு சேர்ந்து போகும் தொனிக் குறியீடும் வேண்டும். அதைச் செட்டில் ஏற்றி வைத்திருக்க வேண்டும். இதெல்லாம் தெரியாமல் கைப்பெட்டியில் பூட்டி வைத்த செட், அந்த நேரத்தில் வெறும் டார்ச் லைட்தான். என்னிடம் ஒருவர் அப்படி ஒரு செட்டைக் காட்டினார். வாங்கி இரண்டு ஆண்டு, ஒரு முறையும் யாரோடும் பேசியதில்லை.

## ஒரே பார்வையில்

| கேள்வி | 477 செட் | செயலி, சிம் செட் | சாட்டிலைட் | ஹாம் |
|---|---|---|---|---|
| தேர்வு, லைசென்ஸ் | வேண்டாம், சிரிம் சான்று மட்டும் | வேண்டாம் | தேர்வு இல்லை, சந்தா உண்டு | தேர்வும் நிலைய அனுமதியும் |
| வண்டிக்கு வண்டி | நன்று | கோபுரம் உள்ளவரை | சரிவராது | மிக நன்று, எல்லாருக்கும் லைசென்ஸ் இருந்தால் |
| காட்டுக்கு வெளியே | எட்டாது | கோபுரம் உள்ளவரை | மிக நன்று | ரிப்பீட்டர் எட்டினால் |
| தொடரும் செலவு | பேட்டரி | மாதக் கட்டணம் | சந்தா, இதுதான் அதிகம் | சிறிய ஆண்டுக் கட்டணம் |
| பழக ஆகும் காலம் | பத்து நிமிடம் | பத்து நிமிடம் | ஒரு மாலை | சில மாதங்கள் |

## யாருக்கு எது

ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை, வழி தெரிந்தவர்களின் கூட்டத்தோடு ஜண்டா பாய்க், சுங்கை லெம்பிங் என்று போய் வருபவர் 5 வாட் 477 செட் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டிக்கு ஒன்று, உபரியாக ஒன்று. ஹாம் தேர்வு இப்போதைக்கு வேண்டாம்.

ஒற்றை வண்டியில், அல்லது இரண்டே வண்டியில், கைப்பேசி எட்டாத இடத்தில் இரவு தங்குபவர் வேறு எதையும் வாங்கும் முன் சாட்டிலைட் கருவி வாங்குங்கள். வீட்டில் சர்க்கரை, இருதய நோய் உள்ளவர் கூட வந்தால் இதில் பேரம் பேசாதீர்கள். சந்தா கட்ட முடியவில்லை என்றால் கூட்டமாகப் பணம் போட்டு ஒன்று வாங்கிப் பயணம் போகிறவர் எடுத்துப் போகலாம். நாங்கள் முதலில் அப்படித்தான் தொடங்கினோம்.

ஒரே ஆட்களோடு ஆண்டுக்கு ஐந்தாறு முறை போகிறீர்கள், முன் வண்டிக்கும் பின் வண்டிக்கும் இடையே மலை வருகிறது, பூர்வகுடிக் கிராமங்களுக்குப் பொருள் கொண்டு போகிறீர்கள் என்றால் ஹாம் தேர்வு எழுதுங்கள். தனியாக இல்லை, கூட்டத்தில் குறைந்தது மூன்று பேர் சேர்ந்து. ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால், ஒருவர் மேட்டில். அப்போதுதான் அந்த லைசென்ஸுக்கு வேலை இருக்கும். சாட்டிலைட் கருவியை மட்டும் அதற்காக விற்றுவிடாதீர்கள்.

செந்தூலில் கேள்வி கேட்ட மூவரில் ஒருவர் 477 செட்டோடு நிறைவாக இருக்கிறார், அவர் ஓட்டும் பாதைக்கு அது சரி. ஒருவர் இன்னும் விலை பார்த்துக்கொண்டிருக்கிறார். மூன்றாமவர் ஆசிரியை, பள்ளி விடுமுறையில் படித்துத் தேர்வு எழுதினார். எங்களில் லைசென்ஸ் உள்ளவர்கள் ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு ரிப்பீட்டரில் சந்திக்கிறோம். கால் மணி நேரம், யார் எங்கே இருக்கிறார்கள், எப்படிக் கேட்கிறது, அவ்வளவுதான். போன வாரம் எல்லாரும் பேசி முடித்த பிறகு கொஞ்சம் தயங்கி ஒரு குரல் வந்தது. அழைப்புக்குறியை எழுத்து எழுத்தாகச் சொல்லி, "பூச்சோங்கிலிருந்து பேசுறேன், கேட்குதா?" என்றார். தெளிவாகக் கேட்டது.